இருபத்திரண்டு நிமிடக் காம்போதி

வெம்பிளியில் மின்வேலை செய்யும் குகநாதனிடம் பாடகி கோமதி சுந்தரேசனின் அறுபத்துமூன்று கச்சேரிகள் இருந்தன. எல்லாம் கோட்டுப் பைக்குள் சின்ன ரெக்கோர்டரை ஒளித்து வைத்துத் தானே பதிந்தவை. சிலவற்றில் பாட்டைவிடப் பக்கத்துக் கதிரையில் இருந்தவரின் இருமல்தான் கூட. ஜெர்மனியில் இருந்த காலத்தில், லீவு தரவில்லை என்று வேலையையே விட்டுவிட்டு அவர் பாட்டுக் கேட்கப் போனதும் உண்டு.

பிறகு ஒரு கோயில் மண்டபத்தில் சேஷாத்ரியைச் சந்தித்தார். ஹவுன்ஸ்லோவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் சென்னைக்காரர். அவருடைய சித்தப்பா கோமதிக்குப் பல வருஷம் தம்புரா போட்டவர். அந்த வழியாக சேஷாத்ரியிடம் இருநூற்று நாற்பது கச்சேரிகள் வந்து சேர்ந்திருந்தன. மேடை மைக்கிலிருந்தே எடுத்தவை. ஒரு தும்மல்கூடக் கிடையாது.

"எது வேணுமோ எடுத்துக்கோங்க சார். பாட்டு என்ன பூட்டி வைக்கிற சாமானா?" என்று சேஷாத்ரி எல்லாவற்றையும் பிரதி எடுத்துக் கொடுத்தார்.

குகநாதன் மூன்று நாள் அதைத் தொடவில்லை.

"நல்ல மனுசன்தானே. பிறகென்ன?" என்றாள் மனைவி ஜெகதீஸ்வரி.

"அதுதான் தாங்கேலாமல் கிடக்கு."

குகநாதனிடம் இருந்தவற்றில் சேஷாத்ரியிடம் இல்லாதது ஒன்றே ஒன்று. தொண்ணூற்றாறில் ஜெர்மனியின் டோட்முண்டில் நடந்த கச்சேரி. வயலின்காரருக்கு விசா கிடைக்காததால், கோமதி தம்புராவை மட்டும் துணையாக வைத்துக்கொண்டு இருபத்திரண்டு நிமிடம் காம்போதி ராக ஆலாபனை செய்தார். அதை சேஷாத்ரி கேட்டபோது மறுக்க வழியில்லை. குகநாதன் கணினியில் ஆலாபனையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்தார்.

"அந்த இடத்தில கசற் நாடா அறுந்து போச்சுது" என்றார்.

சேஷாத்ரி நம்பினார். நம்பியதோடு நிற்காமல், 'வெம்பிளி குகநாதன் அவர்களின் சேகரிப்பு' என்று நன்றி போட்டு யூடியூப்பில் ஏற்றினார். கேட்டவர்கள் நாடா அறுந்ததற்காகத் துக்கம் விசாரித்து எழுதினார்கள். குகநாதன் ஒவ்வொன்றையும் படித்தார். சொன்னால் வெட்கம், அவருக்கு இனித்தது.

இரண்டு கிழமை கழித்து ஒரு பகல், வேலை செய்யும் வீட்டில் ஏணிமேல் நிற்கும்போது போன் வந்தது.

"கோமதி பேசறேன். யூடியூப்ல கேட்டேன். சேஷாத்ரிதான் நம்பர் கொடுத்தார்."

குகநாதன் இறங்கி ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். கோமதிக்கு எழுபத்துநாலு வயது. பாடுவதை நிறுத்தி ஒன்பது வருஷம்.

"அன்னிக்கு அமைஞ்ச காம்போதி அப்புறம் எனக்கு அமையவே இல்ல. அறுந்துதான் போச்சா?"

"இல்லையம்மா. நான்தான் வெட்டினனான்."

"ஏன்?"

"அவரிட்டை எல்லாம் இருக்கு. இது ஒண்டுதான் என்னட்டை மட்டும் இருந்தது."

"எனக்கும் ஒருத்தர்மேல அப்படி இருந்தது. பேர் சொல்ல மாட்டேன்" என்றார் கோமதி. பிறகு அந்தக் காலத்துக் கச்சேரிகளைப் பற்றி வெகுநேரம் பேசினார். "அதை எனக்கு அனுப்புங்கோ" என்று சொல்லிப் போனை வைத்தார்.

குகநாதன் அன்றே அனுப்பினார். மறுநாள் குரல் பதிவாகப் பதில் வந்தது. "மேல் ஸ்தாயில ரெண்டு இடத்துல சுருதி இறங்கியிருக்கு. இத்தனை வருஷமா நன்னா பாடினதா நினைச்சிண்டிருந்தேன். வெளியில விட வேண்டாம். உங்ககிட்டயே இருக்கட்டும்."

குகநாதன் திரும்பத் திரும்ப ஆலாபனையைக் கேட்டார். சுருதி இறங்கிய இடம் அவர் காதுக்குப் பிடிபடவே இல்லை. அந்த அம்மாவிடம் இருந்த ஒரு நல்ல ஞாபகத்தை அழித்துவிட்டோமே என்று உறுத்தியது. சேஷாத்ரியிடமாவது உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று ஈஸ்ட் ஹாமில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொன்னார்.

வெட்டியதைக் கேட்டு சேஷாத்ரி கோபப்படவில்லை.

"அவங்க உங்ககிட்ட எவ்வளவு நேரம் பேசினாங்க?"

"பதினெட்டு நிமிசம் இருக்கும்."

"எங்கிட்ட நம்பர் மட்டும்தான் கேட்டாங்க." சேஷாத்ரி தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், உண்ணவில்லை. "ஒரு தடவை போட்டுக் காட்டுங்க சார். பிரதிகூட வேண்டாம். இங்கேயே கேட்டுக்கறேன்."

"ஏலாது. வேண்டாமெண்டு அவ சொல்லிப்போட்டா."

சேஷாத்ரி நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை என்னவென்று, அதே பொறாமையில் மூன்று நாள் கிடந்த குகநாதனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அதைக் கண்டு மகிழ்ச்சி வந்ததும் உண்மை. அதற்காகத் தன்மேல் அருவருப்பு வந்ததும் உண்மை.

அதன்பின் சேஷாத்ரி போன் எடுப்பதில்லை. பங்குனியில் ஒரு கச்சேரியில் கண்டபோது, குகநாதன் பக்கத்துக் கதிரையில் போட்டிருந்த தன் கோட்டை எடுத்துவிட்டு இடம் காட்டினார். சேஷாத்ரி தலையசைத்துவிட்டு நாலு வரிசை பின்னால் போய் உட்கார்ந்தார்.