செம்பூரில் வெளிச்சம் பேசிய மாலை

உலகச் சண்டை முடிந்த மறுவருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மாதுங்காவிலிருந்து செம்பூருக்குக் குதிரைவண்டியில் கிளம்பினேன். ஐந்து மைல்தான். இதையும் பயணமென்று எழுத வந்துவிட்டானே என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். காசிக்குப் போனபோதுகூட எனக்கு இவ்வளவு பரபரப்பு இருந்ததில்லை.

காரணம், என் மடியிலிருந்த கண்ணாடிக் குமிழ். போட்டோ செல் என்பார்கள். வெளிச்சம் பட்டால் உள்ளே பூசிய உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் துள்ளி வெளியே வரும், மின்சாரம் ஓடும். காலேஜில் வருஷா வருஷம் பாடம் நடத்துகிறேன். பிலிம் ஓரத்திலுள்ள ஒலிக்கோட்டின் வழியே வரும் வெளிச்சம் இதன்மேல் பட்டுத்தான் பேசும் படம் பேசுகிறது; அதைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. தாராவி சுடலைமுத்து அண்ணாச்சி செம்பூரில் டென்ட் கொட்டகை போட்டு, அன்றுதான் முதல் தமிழ்ப் படம் ஓட்டுகிறார். பழைய செல் உடைந்துபோனதால் புதிது வாங்கி மாட்டித்தர ஒப்புக்கொண்டிருந்தேன். படப்பெட்டி மறுநாள் காலை பூனாவுக்குப் போய்விடும். அன்று ஊமைப்படமானால் அண்ணாச்சி கொட்டகைக்கு அப்புறம் யார் வருவார்கள்?

சயான் தாண்டியதும் ரோடு மகா மோசம். "க்யா ஹை, பாபு?" என்று குதிரைவண்டிக்காரர் என் மடியைக் காட்டி, அது என்னவென்று கேட்டார். மின்சாரக் கண் என்று சொல்ல நினைத்து "பிஜ்லி கா ஆங்க்" என்றேன். "கா இல்லை, கீ" என்று திருத்தினார்; ஹிந்தியில் கண் பெண்பாலாம். குமிழ் குலுங்காமலிருக்கக் குதிரையை மெல்ல நடக்கவிட்டார். நல்ல மனுஷர்.

செல்லை மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். ஆறு மணிக்குப் படம் ஆரம்பித்தது. கதாநாயகி வாயைத் திறந்தாள், சத்தமே இல்லை. விசில் பறந்தது.

"சாமி, மானம் போவுதே!" அண்ணாச்சிக்கு அழுகை வந்துவிட்டது.

மிஷினிடம் ஓடினேன். விளக்கு எரிகிறது, ஒலிபெருக்கி வால்வுகள் எரிகின்றன. செல்லின் மூடியைத் திறந்தேன். குமிழின் நெற்றியில், கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், நடுவே குங்குமம்!

"புதுச் சாமானுல்லா, நாந்தான் பொட்டு வச்சேன்" என்றார் அண்ணாச்சி மனைவி இசக்கியம்மாள்.

"ஐயோ, வெளிச்சம் போற வழியை அடைச்சுட்டேளே!" வேஷ்டி நுனியால் துடைத்தேன். கொட்டகை அதிர ஒரு பாட்டு கிளம்பியது. நான் குதித்தே விட்டேன்.

இசக்கியம்மாள் நம்பவில்லை. வெளிச்சத்தின் குறுக்கே விரலை நீட்டினார், பாட்டு நின்றது. எடுத்தார், வந்தது. மறுபடி நீட்டினார்.

"ஏட்டி, விடுட்டி!" என்று அண்ணாச்சி கத்தினார்.

எனக்கோ புல்லரித்தது. இத்தனை வருஷம் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டியதை ஒரே விரலால் காட்டிவிட்டாரே!

நீங்கள் போவதானால் ரயிலில் போங்கள், குர்லாவில் மாறவேண்டும். கண்ணாடிச் சாமான் இருந்தால் மட்டும் குதிரைவண்டி. புது மிஷினுக்குப் பொட்டு வையுங்கள், தப்பில்லை. வெளிச்சம் போகாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

இதை அன்றே இசக்கியம்மாளிடமும் சொன்னேன். சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினார். "அப்ப மிச்சத்த நீங்களே நெத்தியில வச்சிக்கிடுங்க, சாமி. அங்க வெளிச்சம் ஒண்ணும் போவாண்டாம்லா."