பெயர் இல்லாத வரி

தொண்ணூறுகளின் நடுவில் தியாகராய நகரில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்காக நாங்கள் எழுதிய புரோகிராம், கிளைகளிலிருந்து ஃபிளாப்பியில் வரும் முடிவுகளைப் படித்து ஆளுக்கு ஒரு தாளாக அச்சிட்டுத் தர வேண்டும். நோயாளிக்கு ஒரு வரி: பெயர், அழைத்து வந்தவர் பெயர், வயது, முடிவு. இடையிடையே காற்புள்ளி. வேண்டுமென்றே கோளாறான ஃபைல்களைத் தயாரித்து அதற்குக் கொடுத்துப் பார்ப்பது என் வேலை.

பிரசவ விடுப்பு முடிந்து வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. குழந்தை பால் குடித்தாளா என்று மயிலாப்பூரில் அம்மாவுக்கு ஒரு நாளில் மூன்று முறை போன் செய்வேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் என்று அலுவலகத்தில் நினைத்துவிடுவார்களோ என்று அதற்கும் பயம்.

மறுநாள் புரோகிராமைக் கொடுத்தாக வேண்டும். பத்து வரி ஃபைல் ஒன்றில் ஒரு காற்புள்ளியை எடுத்தேன். தப்பான வரியின் எண்ணைச் சொல்லிப் புரோகிராம் நின்றது. வயதில் எழுத்தைப் போட்டேன், நின்றது. ஏழாவது வரியில் பெயரை அழித்தேன். நிற்கவில்லை. பத்து வரிக்கு ஒன்பது தாள் வந்தது. நான்தான் தப்பாக எண்ணுகிறேன் என்று மூன்று முறை எண்ணினேன்.

புரோகிராமை எழுதிய சீனியரிடம் காட்டினேன்.

"அது காலி வரி மேடம். கிளையில சும்மா சும்மா என்டர் தட்டி வெச்சிருப்பாங்க. பேர் இல்லன்னா விட்டுடச் சொல்லியிருக்கேன்."

"முடிவு இருக்கே சார்?"

"பேரே இல்லாம யாரு மேடம் ரத்தம் குடுக்க வருவா? பேயா?"

பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். இருக்கைக்குத் திரும்பப் போனவள் நின்றேன்.

"என் பொண்ணு குடுத்தா சார். பொறந்த மூணாம் நாளு, மஞ்சள் காமாலைன்னு. பேர் வெச்சது பதினோராம் நாளுதான். ரிப்போர்ட்ல பேருக்கு வெறும் கோடுதான் போட்டிருந்தாங்க."

அந்தத் தாள் கைக்கு வரும்வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் உட்கார்ந்திருந்ததைச் சொல்லவில்லை. அவர் நாற்காலியைத் திரைப்பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அழைச்சிட்டு வந்தவங்க பேரைப் போட்டு, 'குழந்தை'ன்னு அடிக்கச் சொல்லிடலாமா மேடம்?"

சாயங்காலத்துக்குள் மாற்றிவிட்டார். பத்து வரிக்குப் பத்து தாள். ஏழாவதை நானே கிழித்தெடுத்துப் படித்தேன். நிம்மதியாகத்தான் கிளம்பினேன்.

பஸ் லஸ் முனையில் திரும்பும்போதுதான் தோன்றியது: இரட்டைக் குழந்தைகளாக இருந்தால்? ஒரே பெயரில் இரண்டு தாள். எது யாருடையது?

வீட்டுக்குப் போனதும் குழந்தையைத் தூக்குவதற்கு முன் சீனியருக்குப் போன் செய்தேன்.