புதிதென்று எழுதிய பழைய வாள்

2024 ஆகஸ்ட் 8, வியாழக்கிழமை, முற்பகல் 11.20. செங்கல்பட்டில் எங்கள் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோது கூரியர் நிறுவனத்தின் மின்னஞ்சல் வந்தது. அதோடு இரண்டு தாள்கள் இணைக்கப்பட்டிருந்தன. முதல் தாளில் சுங்க வரிக் கணக்கு. இங்கிலாந்தின் ஒரு சிறிய ஏலக்கடையில் நான் வாங்கிய வாளுக்கு விதித்திருந்த வரி, அதன் விலையில் முக்கால் பங்கைத் தாண்டியிருந்தது. அனுப்பும் கூலியையும் காப்பீட்டையும் விலையோடு கூட்டி, அதற்கு வரி போட்டு, அந்த வரியையும் சேர்த்து மறுபடி வரி போட்டிருந்தார்கள். கூட்டலில் பிழை இருக்கும் என்று நம்பிச் சரிபார்த்தேன். பிழை இல்லை.

இரண்டாவது தாளில் நான்கே வரிகள். புதிதாகச் செய்யப்பட்ட வாள். ஆயுத இறக்குமதிக்கான அனுமதி இல்லை. ஏழு நாளுக்குள் தக்க விளக்கம் வராவிட்டால் பறிமுதல் செய்யப்படும். கீழே பெறுபவர் என்ற இடத்தில் என் பெயர். ஆயுதம் என்ற சொல்லும் என் பெயரும் ஒரே தாளில் இருந்தன. பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

அந்த வாள் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், தென்னாட்டில் செய்யப்பட்டது என்பது ஏலக்கடையின் குறிப்பு. இரண்டு விரல் அகலம். நுனியருகே மட்டும் மெல்லிய வளைவு. பிடியின் முனையில் மூக்குத் தேய்ந்த ஒரு கிளி. முதுகலை ஆய்வேட்டுக்காகப் போர்ப் பாடல்களைப் படித்துக்கொண்டிருந்தேன். பாட்டில் வரும் வாள்களெல்லாம் மின்னிக்கொண்டே இருந்தன. ஒரு கை பிடித்துப் பிடித்துத் தேய்ந்த இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. புதுப்பட்டினத்தில் எங்கள் வீட்டருகே பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டுகள் தனிப்பாடம் எடுத்துச் சேர்த்ததை முழுவதும் அந்தக் கிளிக்குக் கொடுத்தேன்.

பிறகு அது எப்படிப் புதியது ஆயிற்று என்பதைச் சொல்ல வேண்டும். அப்பாவின் நண்பர் ஒருவர் மாமல்லபுரத்தில் கற்சிலைகளைப் பெட்டியில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழில் செய்கிறார். நான் அவரை மாமா என்று அழைப்பேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சுங்கத் தாள்களோடு பழகியவர் என்பதால், ஏலம் முடிந்த அன்றே அவரிடம்தான் போனேன்.

"இன்னாம்மா, அவனவன் வயசுப் பொண்ணுக்கு நக சேத்துகினு கீறான். நீ கத்தி சேத்துகினு கீற. வரப்போற மாப்ளகிட்ட இப்பவே சொல்லி வச்சிடு," என்று சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்தினார். "ஒன்னே ஒன்னு. பில்லுல புதுசுன்னு கொட்ட எழுத்துல போடச் சொல்லு. பழசுன்னு ஒரு வார்த்த கண்ல பட்டுச்சு, பொட்டிய பிரிச்சி மேஞ்சிடுவான்."

அவருடைய பட்டறையிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு சிலையோடும், இது பழஞ்சிலை அன்று, அண்மையில் செதுக்கியது என்ற சான்றிதழ் போகும். அது இல்லாவிட்டால் கப்பல் ஏறாது. அவர் அறிந்த சட்டம் அது. அதை நான் கண்டிருக்கிறேன். ஆகவே விலைச்சீட்டில் புதிது என்று போடும்படி ஏலக்கடைக்கு எழுதினேன். "எங்கள் பதிவின்படி இது பழைய வாள். உறுதியாகத்தான் சொல்கிறீர்களா?" என்று மறுநாள் கேட்டிருந்தார்கள். நான் ஒரே சொல்லில் பதில் அனுப்பினேன். ஆம்.

அன்று பிற்பகல் திருக்கழுக்குன்றம் வழியாகச் செல்லும் பேருந்தில் மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தேன். மாமா ஒரு பிள்ளையாரைச் சுற்றி வைக்கோல் திணித்துக்கொண்டிருந்தார். தாள்களைக் காட்டியதும் நம்பாமல் என் கைப்பேசியை வாங்கி எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். உடனே தம் சிலைகளுக்குச் சுங்க வேலை பார்க்கும் முகவரை அழைத்து, எனக்கும் கேட்கும்படி வைத்தார்.

முகவர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அண்ணாத்த, நீ அனுப்புறது வெளிய போவுது. அது வர்றது உள்ள. வெளிய போறதுக்குத்தான் புதுசா இருக்கணும். உள்ள வர்றது நூறு வருசம் தாண்டிச்சின்னா அது கலைப்பொருளு. வரியும் கம்மி, ஆயுதக் கணக்குலயும் வராது. நீ இன்னா பண்ணிகீற தெரிமா? கலைப்பொருள கத்தியாக்கி, படிக்கிற பொண்ண கத்தி கடத்துற பார்ட்டியாக்கிட்ட."

மாமா வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். எப்போதும் எதையாவது கேலி செய்துகொண்டிருக்கும் முகம் வெறுமையாக இருந்தது. "இத்தினி வருசமா அந்த ஒரு வார்த்தயத்தான்மா எழுதிகினு கீறேன். எதிர்ப்பக்கத்துல வேற கணக்குன்னு ஒரு நாளும் தோணல," என்றார்.

முகவர் இன்னும் இணைப்பில் இருந்தார். "இதுக்கு இன்னாத்துக்கு பேஜாரு? வெள்ளக்காரன் தப்பா பில்லு போட்டுட்டான்னு ஒரு லெட்டர் குடு. அவன் இன்னா லண்டன்லேர்ந்து வந்து சாட்சி சொல்லப் போறானா?"

மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அது கரீட்டு. அப்டியே எழுதிடும்மா. கத்தி வந்துடும்."

வரியைவிட, பறிமுதல் என்ற சொல்லைவிட, அந்த நொடியே என்னை அதிகம் அதிரவைத்தது. இன்னொரு பொய் அவ்வளவு விரைவில் தயாராகிவிட்டது. அதைவிட, அதை எழுதும் கடிதத்தின் முதல் வாக்கியம் என் மனத்தில் ஏற்கெனவே உருவாகியிருந்தது. நல்ல வாக்கியம்தான், ஒரு சொல்கூட மிகை இல்லை. ஆய்வேட்டில் ஒரு மேற்கோளின் பக்க எண் தவறினால் உறங்காதவள் நான். உறுதியாகத்தான் சொல்கிறீர்களா என்று கேட்டவர்கள்மேல் பிழையைச் சுமத்தும் கடிதம் எனக்குள் தடையின்றி வந்தது.

"நான் எழுதுறேன் மாமா," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். எதை எழுதப் போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனதும் ஏலக்கடைக்கு உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஒரு மணி நேரத்தில் திருத்திய விலைச்சீட்டையும் பழைய பதிவின் நகலையும் அனுப்பிவிட்டார்கள். கடிந்து ஒரு சொல்கூட இல்லை.

மறுநாள் காலை செங்கல்பட்டு ரயில் நிலையத்தில், சென்னை செல்லும் வண்டி நிற்கும் நடைமேடையில், தேய்த்த வெள்ளைச் சட்டையோடு மாமா நின்றுகொண்டிருந்தார். நான் சென்னைச் சுங்க அலுவலகத்துக்குப் போவதை அம்மா சொல்லியிருக்க வேண்டும். என் கையிலிருந்த விளக்கக் கடிதத்தை வாங்கி, உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"இதுல நான் எங்க கீறேன்? சொன்னது நான்தானே?"

"கேட்டப்போ ஆமான்னு சொன்னது நான்தான் மாமா."

"வாள புடிச்சி வச்சிகினா?"

"வச்சிக்கட்டும்."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். கையொப்பம் இன்னும் போடவில்லை என்பதை அவர்தான் கவனித்திருக்கிறார். நடைமேடை இருக்கையின்மேல் தாளை வைத்துக் கையொப்பமிட்டேன். பத்து மணிக்குச் சுங்க அலுவலகத்தின் சாளரம் திறந்தபோது வரிசையில் முதலில் நின்றேன். திருத்திய விலைச்சீட்டு, பழைய பதிவின் நகல், அவற்றுக்கும் மேலாக 'ஆம்' என்று நான் அனுப்பிய அந்த மின்னஞ்சல், எல்லாவற்றையும் அடுக்கி உள்ளே நீட்டினேன்.