பால்கோவாக் கடைக் கண்ணாடியில் ஆறு மீன்கள்

சிலிக்கான் பசை காயும்போது ஒரு புளித்த வாடை வரும். ஊறுகாய் ஜாடியை வெகுநாள் கழித்துத் திறந்தால் மூக்கில் ஏறுமே, அதற்கு நெருக்கமானது. ஆனால் உப்பும் காரமும் இல்லாத வெறும் புளிப்பு. ராஜபாளையத்தில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில் அந்த வாடை மூன்று நாள் நின்றது. பக்கத்து வீட்டு வெங்கட்டம்மா அக்கா வாசலில் நின்று மூக்கைச் சுளித்து, "என்ன மதினி, மாவு பொங்கி வழிஞ்சிருச்சா, இல்ல பாய் ஊறுகா யாவாரத்துல எறங்கிட்டாரா?" என்று கேட்டாள். அம்மா சிரிக்கவில்லை. "அவிய மீனுக்கு வீடு கட்டுதாவ. நாமதான் இன்னும் வாடகை வீட்டுல கெடக்கோம்" என்றாள்.

எனக்கு அப்போது பத்து வயது. ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை. அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அத்தாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில், தேர் ஓடும் வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கண்ணாடி அறுத்துப் படங்களுக்குச் சட்டம் போடும் கடை இருந்தது. ஆண்டாள், ஊருக்குப் பக்கத்து மலைமேல் இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாள், கல்யாண ஜோடிகள், இறந்துபோன தாத்தாக்கள் எல்லோரும் அவர் கையால் கண்ணாடிக்குள் போனவர்கள். பிளாஸ்டிக் சட்டத்தோடு ரெடிமேடாகவே படங்கள் வரத் தொடங்கிய பிறகு, இறந்தவர்கள் மட்டும்தான் அவரைத் தேடி வந்தார்கள். அவர்களும் கோடையில் கொஞ்சம் கூடுதலாக வருவார்கள், அவ்வளவுதான். கொச்சியில் அலுமினியத் தடுப்பு வேலை செய்துகொண்டிருந்த மாமா, அம்மாவின் தம்பி, பொதுத் தொலைபேசியில் கூப்பிட்டு, "அடுத்த மாசக் கடைசி வரைக்கும் ஒங்களுக்கு வேலைல எடத்தப் பிடிச்சு வைக்கேன் மச்சான். பொறவு நான் பொறுப்பில்ல" என்று சொல்லியிருந்தார். அத்தாவுக்குப் போக மனமில்லை. அம்மாவுக்கு அவரை அனுப்ப மனமில்லை. இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

அந்த நேரத்தில்தான், அத்தாவிடம் வழக்கமாகப் படங்களுக்குச் சட்டம் போட்டுக்கொள்ளும் ஒரு பல் மருத்துவர் மீன் தொட்டியைப் பற்றிப் பேச்செடுத்தார். காத்திருக்கும் நோயாளிகள் சுவரைப் பார்த்துப் பயப்படாமல் மீனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். மதுரையிலிருந்து கொண்டுவந்தால் வழியில் உடைகிறது, உள்ளூரில் செய்ய ஆளில்லை. "ஒரு மாசம் உங்க வீட்டுல மீனை உயிரோட வச்சுக் காட்டுங்க பாய். எனக்கு ரெண்டு தொட்டி, என் சிநேகிதங்களுக்கு நாலு" என்றார். அத்தாவுக்கு அது போதுமாக இருந்தது. மாசக் கடைசியும் அந்த ஒரு மாதமும் ஏறக்குறைய ஒரே நாளில் முடிந்தன. மீன் பிழைத்தால் கடைக்கு முன்னால் புதிய பலகை, இல்லையென்றால் கொச்சி.

கண்ணாடி, புதுப்பிக்கப்பட்ட ஒரு பால்கோவாக் கடையின் பழைய ஷோகேஸிலிருந்து வந்தது. சாக்கில் சுற்றி, பேருந்தில் மடியில் வைத்து, இரண்டு நடையில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். முன்பக்கக் கண்ணாடியில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்ததை நான் பிளேடால் சுரண்டினேன். சாய்ந்து பார்த்தால் "கோ" என்ற எழுத்து கடைசிவரை தெரிந்தது. வைர முனையை மண்ணெண்ணெயில் தொட்டு ஒரே இழுப்பாகக் கோடிழுத்து, மேசை விளிம்பில் வைத்து அத்தா அழுத்தும்போது, "டக்" என்று ஒரு சின்னச் சத்தம். அதற்குள் கண்ணாடி இரண்டாகியிருக்கும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்தது நான். பசை வைத்து மூலைகளைப் பிடித்துக்கொண்டதும் நான்தான். அடியில் தெர்மகோல் பலகை. வடிகட்டிக்கு ஒரு சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டு, உள்ளே பஞ்சும் பேண்டேஜ் துணியும் அடைத்தோம். சத்திரப்பட்டித் தறிகளிலிருந்து வரும் அந்தத் துணி எங்கள் பக்கத்தில் கைப்பிடித் துணி போல எல்லா வீட்டிலும் கிடக்கும். காற்று மோட்டாரிலிருந்து வரும் குழாய்க்குக் குளுக்கோஸ் ஏற்றும் டியூப். அதிலிருந்த சின்னச் சக்கரத்தை உருட்டினால் குமிழி கூடும், குறையும். இதில் அத்தாவுக்கு இருந்த பெருமை, கண்ணாடி அறுப்பதில்கூட அவருக்கு இருந்ததில்லை.

தொட்டி நிறைய நாலு குடம் வேண்டும். அந்தக் கோடையில் எங்கள் தெருக் குழாயில் எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்தது, பிறகு பத்து, பிறகு பன்னிரண்டு. தண்ணீர் வந்தால் முதலில் தெரிவது வெங்கட்டம்மா அக்காவுக்குத்தான். அவள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். "நீள்ளு வச்சாயி!" என்று அவள் போடும் சத்தத்துக்கு, தெலுங்கு தெரியாத தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும். அன்றைக்கு எல்லா வீட்டிலும் ஒரு வழக்கம் உண்டு. இருக்கிற பழைய தண்ணீர் முழுவதையும் துணிக்கும் செடிக்கும் கொட்டிவிட வேண்டும். குடம், அண்டா, தவலை எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்க்க வேண்டும். அதன் பிறகே புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டும். பழைய தண்ணீரின் மேல் புதுத் தண்ணீரை ஊற்றுகிறவள் சோம்பேறி என்று பெயர் வாங்குவாள். "பழைய தண்ணி வீட்டுல நின்னா பீடையும் நிக்கும்" என்பது அம்மாவின் பேச்சு. குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கலாக இருந்தால் அது நல்ல தண்ணீர். எங்கள் தெருவில் சுத்தத்துக்கு அதுதான் வாடை.

தொட்டிக்கு நாலு குடம் கேட்டபோது அம்மா தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "எம்புட்டு?" என்றாள். அத்தா விரலைக் காட்டினார். "கெணறு வச்சிருக்கவன் மீன் வளக்கட்டும். கொடம் தூக்குதவ வீட்டுல எதுக்கு?" என்றாள். ஆனால் அடுத்த முறை தண்ணீர் வந்தபோது நாலு குடம் தனியாக நின்றது. எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் அவள் சொல்லவில்லை.

மீன்களை மதுரையிலிருந்து பிளாஸ்டிக் பையில் காற்றடைத்துக் கொண்டுவந்தார் அத்தா. நாலு தங்க மீன், இரண்டு கறுப்பு மோலி. விற்றவன் அவருக்கு ஒரு விதி சொல்லி அனுப்பியிருந்தான். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. திறந்த வாளியில் இரண்டு நாள் வைத்து, மருந்து வாடை போன பிறகுதான் ஊற்ற வேண்டும். அதையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். அத்தா இதை என்னிடம் மட்டும் சொன்னார். அம்மாவிடம் சொல்லவில்லை. தண்ணீர் அவர்களுக்கிடையே புண்ணாகியிருந்த பேச்சு. அவள் பங்கிலிருந்து அரை வாளியை எடுத்துக் கொல்லையில் துணிக்கல்லுக்குப் பின்னால் வைத்து ஆற விடுவதை, அவர் ஏறக்குறைய களவு போலத்தான் செய்தார். நானும் காவல் நின்றேன்.

அம்மா தொட்டியின் பக்கமே வரவில்லை. சமையல் முடித்து, பீடி சுற்றும் தட்டை மடியில் வைத்து, முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தால், அவள் கண் தொட்டியைத் தாண்டி வாசலில்தான் இருக்கும். காற்று மோட்டாரின் சத்தத்தைப் பற்றி மட்டும் ஒருமுறை, "கொசுவுக்குக் காய்ச்ச வந்தாப்புல மொணங்குது" என்றாள். நான் சுவர்க் காலண்டரில் நாட்களைக் கோடு போட்டு அடித்துக்கொண்டு வந்தேன். வெங்கட்டம்மா அக்கா மட்டும் தினம் ஒருமுறை வந்து, "ஏட்டி, இதுல எது ஆம்பளை?" என்று கேட்பாள். எதைக் காட்டினாலும், "அதான் சும்மா நிக்கி" என்பாள்.

இருபத்தாறாம் நாள் பிற்பகல் தண்ணீர் வந்தது. பன்னிரண்டு நாளுக்குப் பிறகு வந்த தண்ணீர். குழாயடியில் நின்றபோதே கண் எரிந்தது. அம்மா வழக்கம்போலப் பழையதைக் கொட்டினாள், பாத்திரங்களைத் தேய்த்தாள், வரிசையில் நின்றாள். முதல் குடம் எப்போதும் குடிக்கும் பானைக்குப் போகும். அன்று அந்தக் குடத்தை இடுப்பில் வைத்தபடி அவள் நேராக முன்னறைக்கு வந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, செம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு வாளியில் ஊற்றினாள். நாலு விரற்கடைத் தண்ணீரில் ஆறு மீன்களும் பக்கவாட்டில் சாய்ந்து துள்ளின. கண்ணாடியில் படிந்திருந்த பச்சையைப் பேண்டேஜ் துணியால் துடைத்தாள். "இன்னும் நாலு நாதான் கெடக்கு. அதுகளும் நல்ல தண்ணி குடிக்கட்டும்" என்றாள். பிறகு முதல் குடத்தைக் கவிழ்த்தாள். இரண்டாவதை, மூன்றாவதை, நான்காவதை நான்தான் வாசலிலிருந்து இழுத்து வந்து கொடுத்தேன்.

எனக்கு விதி தெரியும். இரண்டு நாள், திறந்த வாளி, கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு நான் பின்னால் பல காரணங்கள் யோசித்திருக்கிறேன். எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை. அம்மா அந்தத் தொட்டியின் முன்னால் குனிந்து நின்று சிரித்தது அன்றுதான். அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை என்பது ஓரளவு உண்மை. அம்மாவைவிட மீன்காரனுக்குத் தண்ணீரைப் பற்றி அதிகம் தெரிந்திருக்குமா என்ற சந்தேகமும் ஓரளவு உண்மை.

தண்ணீர் பளிங்கு போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. "பாத்தியா, புதுத் தண்ணியக் கண்டதும் எப்பிடி மேல வருதுக" என்றாள் அம்மா. வெங்கட்டம்மா அக்காவையும் கூப்பிட்டுக் காட்டினாள். மணி ஐந்து ஆவதற்குள் மோலி இரண்டும் மிதந்தன. அத்தா ஆறரை மணிப் பேருந்தில் வந்து சேர்ந்தபோது, வால் மட்டும் அசையும் ஒரு தங்க மீன் மிச்சமிருந்தது.

அவர் செருப்பைக் கழற்றாமலே தொட்டியின் முன்னால் நின்றார். விரலை விட்டு எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். கொல்லைப் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு. நான் மொதத் தண்ணியக் கொண்டாந்து ஊத்துனேன். அப்பவும் தாங்கல" என்றாள் அம்மா.

அத்தா விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "வெயிலு. நம்ம ஊரு வெயிலு இதுகளுக்கு ஆகல. நீ என்ன செய்வே" என்றார்.

மறுநாள் அவர் பல் மருத்துவரிடம் போய் இன்னொரு மாதம் கேட்டார். "பல்லு புடுங்க வர்றவன் முன்னாடி செத்த மீனை மிதக்க விட முடியாது பாய்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம். அத்தாவும் சிரித்துக்கொண்டேதான் எங்களிடம் சொன்னார். மாசக் கடைசியில் கொச்சிக்குப் போனார். பதினாறு வருடம் அங்கே இருந்தார்; வருடத்துக்கு இரண்டு முறை வந்தார்; கடிதங்கள் நின்று, கைப்பேசி வந்து, நான் படித்து வேலைக்குப் போய், கடைசியில் அவர் இடுப்பு வலியோடு திரும்பி வந்தபோது, சந்துக்கடை வேறு யாருடையதோ ஆகியிருந்தது. திரும்பிய மூன்றாம் வருடம் இறந்துபோனார். அவர் படத்துக்கு நாங்கள் ரெடிமேட் சட்டம்தான் வாங்கினோம்.

இப்போது எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிறது. தண்ணீர் வந்தால் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. வெங்கட்டம்மா அக்கா மகன் வீட்டோடு கோயம்புத்தூர் போய்விட்டாள். சந்தில் கண்ணாடி அறுக்கும் சத்தம் இல்லை. போன மாதம் அம்மாவுக்குக் கண்புரை எடுத்து, மறு பரிசோதனைக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தோம். புதிதாகக் கிடைத்த பார்வையில் அவள் கடைப்பலகைகளை எல்லாம் எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தாள். பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு அலங்கார மீன் கடை. வெயிலுக்கு அதன் கூரைக்குக் கீழே ஒதுங்கினோம். சுவரில் கடைக்காரர் கையால் எழுதி ஒட்டியிருந்த தாளை அம்மா வாசித்தாள்: "குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள். அதில் உள்ள மருந்து மீனைக் கொல்லும். இரண்டு நாள் வைத்திருந்து ஊற்றவும்."

சாலையில் பேருந்து ஒன்று எங்களுக்காக நிற்பதுபோல நின்று, போனது.

"ஒங்க அத்தாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்மா."

"ஒனக்கு?"

வெயில் என்ற சொல் வாய்வரை வந்தது. இத்தனை வருடம் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

"தெரியும்மா" என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தத் தாளை மறுபடியும், இந்த முறை சத்தமில்லாமல், முதல் எழுத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.