எண்ணெய் ஏட்டு

துணியை விரலில் சுற்றி, எண்ணெயில் ஒற்றி, துப்பாக்கிக் குழலின் முனையிலிருந்து விசைவரை ஒரே இழுப்பாகத் துடைக்கிறார். பிறகு முகர்ந்து பார்த்து, "இப்பதான் குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்கு" என்கிறார். காவல் நிலையத்தின் பின்னறையில் துப்பாக்கிகளுக்குப் பொறுப்பான ஏட்டு. எண்ணெய் ஏட்டு என்றால்தான் ஊருக்குத் தெரியும். "தன் தலைக்கு ஒரு சொட்டு வைக்க நேரமில்ல, துப்பாக்கிக்கு மட்டும் வாராவாரம் குளியல்" என்பது அவர் மனைவியின் புகார். தலையைப் பார்த்தால் புகாரில் பொய்யில்லை.

தொலைந்துபோன என் சைக்கிளுக்காக அந்த நிலையத்துக்கு நடையாய் நடந்ததில் பழக்கமானவர் இவர்.

ஏழு வருடத்துக்கு முன், கலவரக் காலத்தில், சுற்றுவட்டார விவசாயிகள் காட்டுப்பன்றி விரட்ட வைத்திருந்த துப்பாக்கிகளை எல்லாம் பிடுங்கிவந்து இவரிடம் ஒப்படைத்தார்கள். மொத்தம் நாற்பத்தாறு, எல்லாம் எண் பொறிக்காத நாட்டுத் துப்பாக்கிகள். இவரே உடையவர் பெயரைச் சீட்டில் எழுதி ஒவ்வொன்றிலும் கட்டினார். இப்போது திருப்பிக் கொடுக்க உத்தரவு வந்திருக்கிறது. ஆனால் வாராவாரம் எண்ணெய் ஊறி ஊறிச் சீட்டுகளில் ஓர் எழுத்துகூட மிச்சமில்லை. ஒரு சோம்பேறி அந்த வேலையில் இருந்திருந்தால் துப்பாக்கி துருப்பிடித்திருக்கும், பெயர் பிழைத்திருக்கும். "என் கையாலயே அழிச்சிட்டேன் சார்" என்று என்னிடம் சொன்னபோது எனக்கே பாவமாக இருந்தது.

உடையவர் தெரியாதவற்றை மாதக் கடைசியில் உருக்கிவிடுவார்கள், உரிமம் உள்ளவர்களுக்கு இழப்பீடு உண்டு. ஒன்றையும் உலைக்கு அனுப்பக்கூடாது என்பது இவர் பிடிவாதம். வருகிறவர்களைத் துருவுகிறார்: "கீறல் எங்க? எப்ப விழுந்துச்சு?" ஒருவர் துப்பாக்கியின் பின்கட்டையிலிருந்த பள்ளத்தைத் தடவி, "இது என் மாப்பிள்ளை கீழே போட்டது. வேற என்ன உருப்படியா செஞ்சான்?" என்றார். துப்பாக்கி கைமாறியது.

நேற்று நான் போய் உட்கார்ந்திருந்தபோது ஒன்பது பாக்கி. ஒரு பெண் வந்தாள். துப்பாக்கிக்காரர் போன வருடம் இறந்த அவள் கணவர். உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டுதான் வந்திருந்தாள். அடையாளம் மட்டும் தெரியவில்லை.

"நான் தொட்டதே இல்லைங்க."

"பேசாம இழப்பீடு வாங்கிக்கிறியாம்மா?"

"காசைக் காட்டினா பன்னி ஓடுமா? அதோட, அவர் பொருள்னு வேற எதுவும் எங்கிட்ட இல்லைங்க."

ஏட்டு தலையைச் சொறிந்தார். "அவர் எப்படிச் சுடுவார்?"

"எல்லாம் இடது கைதான். சோறுகூட."

ஏட்டு விருட்டென்று எழுந்தார். வலக்கைக்காரன் குறிபார்த்தால் கன்னம் படுவது கட்டையின் இடப்பக்கம். இடக்கைக்காரனுக்கு மறுபக்கம். ஒன்பது கட்டைகளிலும் வலப்பக்கத்தை மட்டும் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். ஏழாவதில் விரல் வழுக்கியது. அங்கே மரம் லேசாகக் குழிந்து பளபளத்தது.

"இந்தா, அவர் கன்னம் வச்ச இடம்."

அவள் குனிந்து, அந்த இடத்தில் தன் கன்னத்தை வைத்தாள். எடுக்கவில்லை.

வெளியாளை உள்ளே தனியாக விட்டுவிட்டு ஒருநாளும் அந்த அறையிலிருந்து நகராத ஏட்டு, என் கையைப் பிடித்து எழுப்பி வெளியே கூட்டிவந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.