படிவத்தில் எழுதிய எடை

அந்தப் படிவத்தில் என் எடையை எண்பத்து நான்கு கிலோ என்று எழுதினேன். உண்மையில் தொண்ணூற்றேழு. முழங்கால் வலிக்காகப் போயிருந்தபோது, முந்தைய வாரம்தான் செம்பூர் டாக்டர் என்னை மெஷினில் ஏற்றி எடை பார்த்திருந்தார். அதனால் தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். நாற்பத்தைந்து வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கினேன். கிளப் விமானத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டியது போதும், சொந்தமாக ஒன்று வேண்டும் என்ற ஆசை இரண்டு வருடமாக என்னைப் பிடித்து ஆட்டியது. இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்று புதிதாக வந்திருப்பதாகவும், வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்கலாம் என்றும் அதை விற்கும் நிறுவனம் அழைத்தது. மும்பையிலிருந்து காரில் நான்கு மணி நேரத்தில் ஒரு தனியார் ஓடுதளம். மே மாதம். மனைவியும் வந்தாள். அவள் திலக் நகரில் ஒரு பள்ளியில் டீச்சர். ஏறமாட்டேன், பார்க்க மட்டும் வருகிறேன் என்று சொல்லித்தான் கிளம்பினாள்.

வெள்ளை விமானம். சின்னக் காரைவிட லேசானது என்றார்கள். நான் முதலில் பார்த்தது என்ஜினை அல்ல, இருக்கையின் தையலை. தொழில் புத்தி. நூல் சீராக ஓடியிருந்தது. ஒரு மூலையில் மட்டும் தோல் கொஞ்சம் இழுத்துக்கொண்டிருந்தது. உள்ளே உட்கார்ந்து பெடல் எட்டுகிறதா, தோளுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். தலைக்கு மேலே மூடும் கண்ணாடியை நாலைந்து தடவை திறந்து மூடினேன். எல்லாமே பிடித்திருந்தது. பிடித்துப்போக வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் போயிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

எல்லாவற்றையும் காட்டியவள் அந்த நிறுவனத்தின் பைலட். இருபத்தேழு வயது இருக்கும். தாணேயில் வளர்ந்த தமிழ்ப் பெண். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

“அங்கிள், எனக்குப் பேச வரும், படிக்கத்தான் நஹி ஆத்தா, வராது. அம்மா திட்டிட்டே இருப்பாங்க,” என்று சிரித்தாள். பிறகு படிவத்தை நீட்டினாள். “டேங்க் ஃபுல்லா வெச்சா நாம ரெண்டு பேரும் சேர்ந்து நூத்தி நாப்பத்தெட்டு கிலோவுக்குள்ள இருக்கணும். நான் அறுபத்திரெண்டு. நீங்க ஜாஸ்தின்னா பெட்ரோலைக் கொறச்சுக்கலாம், நோ ப்ராப்ளம்.”

டேங்க் நிரம்ப, இரண்டு பேரோடு அது எப்படி எழும்புகிறது என்று பார்ப்பதுதான் நான் வந்த காரியம். தொண்ணூற்றேழு என்று எழுதினால், இந்த விமானம் உனக்குச் சரிப்படாது என்று அந்தக் காகிதமே சொல்லிவிடும். அதைக் கேட்க எனக்கு மனமில்லை. எண்பத்து நான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அப்பா வயதுக்காரரிடம் எப்படிக் கேட்பாள்? வெயில், காற்று, ஓடுதளத்தின் நீளம் எல்லாவற்றையும் வைத்துக் கணக்குப் போட்டு, “போதும், போலாம்,” என்றாள்.

எதிர்க்காற்று இருந்தால் விமானம் சீக்கிரம் எழும்பும்; நாங்கள் ஏறும்போது அது சுத்தமாக நின்றிருந்தது. அவள் ஓட்ட, விமானம் ஓடத் தொடங்கியது. பாதித் தூரம் வந்தும் வேகம் ஏறவில்லை. “கம் ஆன், கம் ஆன்,” என்று அவள் முணுமுணுப்பது ஹெட்போனில் கேட்டது. முன்னால் வேலி பெரிதாகிக்கொண்டே வந்தது. சட்டென்று என்ஜினைத் தணிக்க த்ராட்டிலை இழுத்து பிரேக்கை மிதித்தாள். ஓடுதளம் முடிந்து, புல்லில் குலுங்கிக்கொண்டே ஓடி, வேலிக்குக் கொஞ்ச தூரத்தில் நின்றோம். முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி வளைந்திருந்தது.

“லகா தோ நஹி அங்கிள்? அடி படலையே?” என்று என் கையைப் பிடித்துப் பார்த்தாள். “சாரி அங்கிள். என் தப்பு. முன்னாடியே நிறுத்தியிருக்கணும்.”

ஓடி வந்த மேனேஜரிடமும் அதையே சொன்னாள். சொல்லும்போது கண் நிறைந்துவிட்டது. நான் பக்கத்திலேயே நின்றேன். மேனேஜர் என்னிடமும் மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்றேன். பெருந்தன்மையாக அவர் தோளில் தட்டிக்கூடக் கொடுத்தேன்.

திரும்பும்போது காரில் மனைவி கேட்டாள். “ஏங்க, அந்த ஃபார்ம்ல எம்பத்தி நாலுன்னுல்லா போட்டிருந்திய?”

“பதிமூணு கிலோல என்ன ஆயிரப் போவுது? காத்து நின்னுபோச்சு, அதான்.”

“ஒண்ணும் ஆகாதுன்னா எதுக்குக் கொறச்சு எழுதுனிய?”

காற்றுக்கு எவ்வளவு பங்கு, என் எடைக்கு எவ்வளவு பங்கு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்லிச் சொல்லியே நான்கு நாள் தள்ளினேன். ஐந்தாம் நாள் நிறுவனத்திலிருந்து போன். விமானம் சரியாகிவிடும், வேறு பைலட்டோடு இன்னொரு நாள் வாருங்கள் என்றார்கள். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்டேன். விசாரணை முடியும்வரை பறக்கக் கூடாது என்று உட்கார வைத்திருக்கிறார்களாம்.

மறுநாள் காலையே காரை எடுத்தேன். மேனேஜர் அறையில் அவளையும் வரச் சொல்லி, இருவர் முன்னாலும் உள்ளதைச் சொன்னேன். மேனேஜர் கத்தினார். இரண்டு உயிர் போயிருக்கும் என்றார். அது எனக்கு வலிக்கவில்லை. ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது.

அவளோடு வெளியே வந்ததும், “மன்னிச்சிரும்மா,” என்றேன்.

“வெயிட்டைத் தப்பா சொல்றது நெறைய பேர் பண்றாங்க, அங்கிள். நான் உங்களை மெஷின்ல நிக்க வெச்சிருக்கணும், அது என் தப்புதான்,” என்றாள். “ஆனா நான் எல்லார் முன்னாடியும் சாரி சொன்னேனே, அப்ப நீங்க சும்மா இருந்தீங்க. இந்த அஞ்சு நாளா அந்தக் கணக்கை எத்தனை தடவை போட்டேன் தெரியுமா? எனக்கு ஓட்டவே தெரியலையோன்னு நெனச்சிட்டேன்.”

அவள் குரல் உயரவே இல்லை.

அடுத்த மாதம் அவளை மறுபடி பறக்க விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் விமானம் வாங்கவில்லை. ஏன் என்று கேட்கும் கிளப் நண்பர்களிடம், பட்டறையில் வேலை அதிகம், ஓட்ட நேரமில்லை என்றுதான் இதுவரை சொல்லி வந்திருக்கிறேன்.