நான் கழுவிய தட்டுகள்

எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்; மறதியும் கூடிவிட்டது. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் கம்பஸில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நோன்புக்கு முந்தின கிழமை, அங்கே பிரிட்ஜ் பழுதென்று ஐஸ் பெட்டியில் பத்துப் பன்னிரண்டு சின்னத் தட்டுகளை அடைத்துக்கொண்டு குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்கள் பிரிட்ஜில் அடுக்கிக்கொண்டே, உள்ளே இருப்பது ஈஸ்ட் என்றும், அதிலே ஏதோ புரதத்தை எடுத்துவிட்டுப் பார்ப்பதாகவும் சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். ஓம், ஓம் என்றபடி மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவள் மாமி வீட்டுக்குப் போயிருந்தாள். நோன்பு வருகிறதென்றால் நாங்கள் வீட்டை மூலை முடுக்கெல்லாம் கழுவுவோம். பிரிட்ஜைத் துடைக்கும்போது ஒரு தட்டைத் திறந்தேன். கள்ளு மணம். சிலாபம் பஸ்ஸில் கேனோடு ஏறுகிறவர்களிடம் அடிக்கிற அதே மணம். நோன்பு வரும் நேரத்தில் என் வீட்டில் இதுவா? பக்கத்து வீட்டில் தெரிந்தால் என்ன கதை வரும்? மகளுக்குப் போனில் ஒரு கோல் எடுத்திருக்கலாம். எப்படிக் கேட்பது என்று கூச்சம். கொதிதண்ணீர் ஊற்றி எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

வந்தவள் சத்தம் போடவில்லை. கவிழ்ந்த தட்டுகளையே பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

“ஒரு வருஷ வேலை உம்மா. இதுக்கு வேற பிரதி எடுத்து வைக்கல்ல.”

“கள்ளு மணம் அடிச்சது மகள்.”

“பாண் மாவைப் பொங்க வைக்கிற சாமான்தான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே உம்மா.”

பின்னேரம் அவளே என் தையல் மெஷின் நூல்கட்டையை எடுத்து வந்து விளக்கினாள். தசையை அசைக்கிற அக்டின் என்று ஒரு புரதமாம். அதன் சொந்தக்காரப் புரதங்கள் சில, கலத்தின் கருவுக்குள் இருக்குமாம். அங்கே டிஎன்ஏ நூல் கட்டை கட்டையாய்ச் சுற்றிக் கிடக்கும். இந்தச் சொந்தக்காரர் தனியே ஒன்றும் செய்யமாட்டார்கள். வேறு புரதங்களின் பெரிய கூட்டத்தோடு சேர்ந்து கட்டைகளைத் தள்ளி வைப்பார்கள். அப்போதுதான் வேண்டிய இடத்தை வாசிக்கலாம், அறுந்த நூலையும் ஒட்டலாம். அவர்களில் ஒருவர் இல்லாவிட்டால் ஈஸ்ட் எப்படித் தடுமாறுகிறது என்று பார்க்கத்தான் அந்தத் தட்டுகள். இவ்வளவுதான். முதல் நாளே கேட்டிருந்தால் அன்றைக்கே விளங்கியிருக்கும்.

முதல் நாள் தலைநோன்பை வீட்டில் பிடிக்காமலே, வேலையை முதலிலிருந்து தொடங்க அவள் பஸ் ஏறினாள். பட்டம் பிந்திப் போனது. இன்றுவரை அதைக் குத்திக்காட்டியதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

புரதத்தைப் பற்றி நான் எழுதியது சரியா என்று விஷயம் தெரிந்த யாராவது பார்த்துத் திருத்துங்கள். மகளிடமே கேட்கலாம்தான். இன்னும் வாய் வரவில்லை.